மயில் என்று சொல்லி எடுத்துப் போன புத்தகம்

நம் ஞாயிறு பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு படம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கோயம்புத்தூர்ப் பெரிய தேவாலயத்தில் ஆண்டு விழாவுக்காக வைத்திருக்கும் பழம்பொருள் கண்காட்சியில் எடுத்த படம். கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட் துணி, அதன் மேல் தோல் அட்டை போட்ட ஒரு பழைய ஜெபப் புத்தகம். நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைகூப்பினீர்கள். ஒருவர் ‘ஆமென்’ போட்டார். இன்னொருவர், ‘அந்தக் காலத்து வேலைப்பாடே தனி’ என்று எழுதினார். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அப்போது எழுதியிருந்தால் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கியிருப்பீர்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பெட்டிக்கு முன்னால் இருந்த அட்டையை வாசித்தேன். ‘மிஷனரி டாக்டர் அம்மையார் நம் திருச்சபைக்கு அளித்த ஜெபப் புத்தகம். முன் அட்டையில் இருப்பது கூழைக்கடா. தன் மார்பைக் கொத்தி, அந்த ரத்தத்தால் குஞ்சுகளைப் பிழைக்க வைப்பதாகச் சொல்லப்படும் இப்பறவை கிறிஸ்துவின் தியாகத்துக்கு அடையாளம்.’ அவ்வளவுதான். எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்.

அந்தப் புத்தகத்தை யாரும் திருச்சபைக்கு அளிக்கவில்லை. அது எங்கள் வீட்டுப் புத்தகம். அதை எங்கள் அம்மாவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். எரித்துவிட்டோம் என்று எங்கள் அப்பாவிடம் சொன்னார்கள். அதற்காக எங்கள் அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நிறுத்தி, செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று சொல்ல வைத்தார்கள். நீங்களும் அன்று ஜெப வீட்டுப் பாயில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். மறந்திருப்பீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் மற்றவர்கள் பேச்சுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது என் முறை. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வெள்ளகோவிலைத் தாண்டி மண் தடத்தில் உள்ளே போனால் நம் வளவு. கூரை வீடுகள், நடுவே வேப்ப மரம், கடைசியில் சுண்ணாம்பு அடித்த சின்ன ஜெப வீடு. நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் தோட்டங்களில் பண்ணையம் பார்த்தவர்கள். எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர் மட்டும் கொஞ்ச காலம் வேறு வேலை பார்த்தார். வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்த நாட்களில் அவருக்கு மாட்டு வண்டி ஓட்டினார். அந்தம்மா ஊருக்குத் திரும்பிய அன்று ஈரோடு ஜங்ஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். ரயில் ஏறும் முன்னால் தன் கைப்பைக்குள் இருந்த சொந்த ஜெபப் புத்தகத்தை எடுத்து அப்பாருவின் கையில் வைத்துவிட்டுப் போனாராம். சபையின் கையில் வைக்கவில்லை, போதகரின் கையில் வைக்கவில்லை. வண்டி ஓட்டியவரின் கையில் வைத்தார்.

புத்தகம் இங்கிலீஷ். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் அதைப் போல ஒரு பொருள் நம் வளவிலேயே கிடையாது. நாவல் பழ நிறத்தில் தடித்த தோல். தாள்களின் ஓரம் முழுக்கத் தங்க முலாம். பக்கங்களைச் சாய்த்தால் மின்னும். மூடி வைக்கப் பித்தளைக் கொக்கி. அதைத் திறக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நானும் அக்காவும் சண்டை போடுவோம். கரையானுக்கும் எலிக்கும் பயந்து அம்மா அதைத் துணிப்பையில் போட்டு விட்டத்தில் தொங்கவிட்டிருப்பாள். காய்ச்சல் வந்தால் இறக்கித் தலைமாட்டில் வைப்பாள். பிறந்த குழந்தையைப் பார்க்க வருபவர்கள் குழந்தையின் கையை அதன் மேல் வைத்து எடுப்பார்கள். உங்களில் சிலர் கையும் அதன் மேல் பட்ட கைதான்.

தோலில் உருவங்கள் அழுத்தியிருக்கும். முதுகுப் பக்கம் ஒரு நங்கூரம். கடலைப் பார்க்காத நமக்கு நங்கூரம் என்ன தெரியும்? கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுப்போமே, பாதாளக் கரண்டி, அது என்றுதான் நினைத்தோம். “கெணத்துல உளுந்தவனைத் தூக்கறதுக்கு ஆண்டவரு வெச்சிருக்கறாரு கண்ணு” என்பார் அப்பா. பின் அட்டையில் ஒரு ஆட்டுக்குட்டி, முன்னங்காலில் கொடி பிடித்துக்கொண்டு நிற்கும். அது எந்தக் கட்சிக் கொடி என்று நான் கேட்டு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். முன் அட்டையில்தான் அந்தப் பறவை. கழுத்தை வளைத்து மார்பைக் கொத்திக்கொண்டு, இரண்டு இறக்கையையும் விரித்து நிற்கும். காலடியில் வாயைத் திறந்தபடி குஞ்சுகள். அம்மா கோழி என்பாள். அக்கா கழுகு என்பாள். அப்பா, “ஏதோ ஒண்ணு, குஞ்சுக்கு எரை குடுக்குது, அது போதாதா” என்று முடித்துவிடுவார். இப்போது நான் சிங்காநல்லூர்க் குளத்தில் தினமும் கூழைக்கடாவைப் பார்க்கிறேன். பெரிய பை தொங்கும் அலகு. அட்டையில் இருந்ததற்கு அப்படி ஒரு அலகே கிடையாது. அதை வரைந்தவனும் கூழைக்கடாவைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து மாட்டியது. தோலை எண்ணெய் காட்டாமல் விட்டால் வெடித்துப் போகும். நம் வளவில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். மாட்டைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைத்த காலம் அது. மோட்டார் அப்போதுதான் ஒவ்வொரு தோட்டமாக வந்துகொண்டிருந்தது. தண்ணீர் மொள்ளும் சாலில் கட்டிய தோலுக்கு எண்ணெய் தடவி வெயில் படாமல் காயப் போட்டிருப்பார்களே, அந்த வாடையிலேயே வளர்ந்தவர்கள் நாம். அம்மா அதே கணக்கைப் புத்தகத்துக்கும் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை எங்களுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு வேப்ப மர நிழலில் உட்காருவாள். விளக்கெண்ணெய் தொட்ட துணியால் அட்டையை நீவுவாள். பள்ளத்தில் அழுக்குச் சேரும் என்று பறவையின் இறகு இறகாக விரல் நுனியால் துடைப்பாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

அந்தக் கோடையில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஈரோட்டுப் பக்கம், ரயில்வேயில் கேங்மேன். நம் சனத்தில் அரசாங்கச் சம்பளக்காரர் கிடைப்பது அந்த நாளில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் முறைப்படி, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு சபையில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. அக்கா வெயிலில் வெளியே போகாமல் முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள்.

அப்போதுதான் அப்பா வேலை பார்த்த தோட்டத்துக்காரரின் வீட்டம்மா, அக்காவுக்கு ஒரு சேலை கொண்டுவந்தார். நம் வளவுக்குள் அவர் வந்ததே அதிசயம். எந்த வீட்டு வாசலுக்கும் போகாமல் வேப்ப மரத்தடியிலேயே நின்றார். அது வேறு கோபம், அதை இப்போது தொட வேண்டாம். அன்று சனிக்கிழமை. அம்மாவின் மடியில் புத்தகம்.

“ஏம்புள்ள, கையில என்ன அது? அட, மயிலு! குஞ்சுகளோட நிக்குது பாரு.”

“மயிலுங்களா? எங்களுக்கு வெவரந் தெரியாதுங்க. எங்க சாமி பொஸ்தகமுங்க.”

“மயிலேதான். எங்க முருகன் உங்க ஊட்டுக்கும் வந்துட்டாரு, போ.”

சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் பக்கம் பொழுது விடிந்தால் மயில்தான் அகவுகிறது; தோட்டம் முழுக்க மயில்தான் மேய்கிறது. இறக்கையை விரித்து நிற்கும் பறவையைப் பார்த்தால் அவருக்கு வேறு என்ன தோன்றும்? ஊருக்குப் போய், வேதக்காரர்கள் வீட்டில் மயிலை வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷம் சந்தைக்குப் போய், அங்கிருந்து நம் ஐயரின் காதுக்குப் போய்விட்டது. ஐயர் என்றால் போதகர்தான். நம் சபையில் போதகரை அப்படித்தானே கூப்பிடுவோம்.

அந்த ஐயரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டவுன் பங்களாவிலிருந்து மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருவார்; மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். வண்டிப் பையில் பிளாஸ்க் இருக்கும். நம் வளவில் ஒரு டம்ளர் தண்ணீர் அவர் வாங்கிக் குடித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. கர்த்தருக்குள் நாம் எல்லோரும் ஒன்று என்று மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்துவிட்டு, தொண்டை வறண்டால் பிளாஸ்க்கைத் திறப்பார். சின்ன வயதில் அது பெரிய மனிதர்களின் பழக்கம் என்று நினைத்தேன். அவருக்கு ஆகாதது நம் வளவுத் தண்ணீர் என்று பிறகுதான் புரிந்தது.

அவர் அடுத்த சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அப்பா தோட்டத்தில். அம்மா மரத்தடியில், கையில் எண்ணெய்த் துணியோடு.

“என்ன இது?”

“எங்க மாமனாருக்கு டாக்டரம்மா குடுத்த பொஸ்தகமுங்க ஐயரே.”

“எண்ணெய் எதற்கு?”

“தோலுங்க. காஞ்சா வெடிச்சுப்போகுமுங்க.”

“மயிலுக்கு எண்ணெய்க் காப்பு நடக்கிறது. அதை நான் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.”

“மயில் இல்லீங்க.”

“அப்படியானால் என்ன பறவை?”

அம்மா அட்டையைக் குனிந்து பார்த்தாள். எனக்கு இன்றும் அவள் குனிந்த தலையும் வகிடும் கண்ணில் நிற்கிறது. பொய் சொல்லத் தெரியாதவள்.

“தெரியலீங்க. கோழியா இருக்குமுங்க.”

ஐயர் சிரித்தார். புத்தகத்தைக் கையில் வாங்கித் திருப்பினார். பின் அட்டையில் கொடி பிடித்த ஆட்டுக்குட்டி. அது என்ன அடையாளம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பிரசங்கத்துக்குப் பிரசங்கம் தேவ ஆட்டுக்குட்டி என்று சொன்னவர் அல்லவா? நீங்களே சொல்லுங்கள், முன் அட்டையில் முருகனையும் பின் அட்டையில் இயேசுவையும் போட்டு எந்த வெள்ளைக்காரன் புத்தகம் அச்சடிப்பான்? இங்கிலீஷ் படித்த மனிதர். அந்தப் பித்தளைக் கொக்கியை நிமிண்டி ஒரு தாளைத் திருப்பியிருந்தால் போதும். திருப்பவில்லை. நம் வளவில் இருக்கும் பொருள் என்றால் அதற்குள் படிக்க என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டார். திருடியதா என்று கேட்காமல் விட்டாரே, அதுவே பெரிது.

கைக்குட்டையால் சுற்றிப் புத்தகத்தைப் பையில் வைத்தார். அம்மா எழுந்துவிட்டாள். “ஐயரே, அது எங்கூட்டுப் பொஸ்தகமுங்க” என்றாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் ஆராதனையில் மூன்றாவது ஓலையை வாசிக்கவில்லை. ஏன் வாசிக்கவில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்பா டவுனுக்குப் போனார். என்னையும் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். குழந்தையைப் பார்த்தால் ஐயருக்கு மனம் இறங்கும் என்று நினைத்திருப்பார். பங்களா வராண்டாவில் ஒரு பெஞ்சு இருந்தது. எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

“அது மயில் இல்லீங்க ஐயரே.”

“என்ன பறவை என்று உன் மனைவிக்கும் தெரியவில்லை. உனக்காவது தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“தெரியாததைத்தான் வீட்டில் வைத்துக் கும்பிட்டீர்களா?”

“கும்புடலீங்க. எண்ணெய் போட்டு வெச்சமுங்க.”

ஐயர் முடிவாகச் சொன்னார். அம்மா சபைக்கு முன்னால் நின்று விக்கிரகத்தை வணங்கியதை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் மூன்றாவது ஓலை வாசிக்கப்படும். கேட்காவிட்டால் கல்யாணத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தேவாலயத்தில் மட்டும் கிடையாது. மாப்பிள்ளை வீட்டுக்கு அவரே தகவலும் அனுப்பிவிட்டார். ஒறம்பரை, சொந்தபந்தம் மத்தியில் பேச்சுக் கிளம்பிவிட்டது.

அன்று பொழுது சாயும்போது அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டதை நானும் அக்காவும் கேட்டோம். நான்கு சுவருக்குள் ஒரே ஒரு அறை, கேட்காமல் எங்கே போவது?

“கண்ணாலம் நின்னா நிக்கட்டும். செய்யாத குத்தத்த நீ ஏன் ஒத்துக்கோணும்?” என்றார் அப்பா.

“நின்னுபோனா அப்பறம் இவளை எவங் கட்டுவான்? மயிலச்சி மகளுன்னு சொல்லியே ஒதுக்கீருவாங்க. நாஞ் சொல்லிப்போடறனுங்க. ரெண்டு வார்த்தை, அதோட போச்சு.”

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம் என்று அப்போது நான் அவள் மேல் கோபப்பட்டேன். பதினெட்டு வயதுப் பெண் என்ன சொல்லுவாள்? கோபப்பட வேண்டிய ஆள் அவள் இல்லை.

அந்த ஞாயிறு ஐயரே வந்திருந்தார். ஜன்னல் வழியாக அனல் அடித்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நாம் எல்லோரும் முன்னால் கோரைப் பாயில். அம்மா தன் நீல வாயில் சேலையைக் கட்டியிருந்தாள். அது பண்டிகைச் சேலை. ஐயர் கூப்பிட்டதும் எழுந்து முன்னால் போய் நின்றாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“மயிலக் கும்பிட்டனுங்க. தப்புங்க. மன்னிச்சுப்போடுங்க.”

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்றார் ஐயர். அம்மா மறுபடியும் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள். பிறகு ஐயர் நம்மைப் பாடச் சொன்னார். பாட்டைச் சொல்லிக்கொடுத்தபடி கணீரென்று பாடினோம். குழந்தைகள், வேறு என்ன செய்வோம்? நான் மட்டும் அம்மாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிகிறவரை உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் அங்கேயே நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. பெரியவர்களில் எத்தனை பேர் அந்தப் பறவையைத் தொட்டுப் பார்த்தவர்கள், எத்தனை பேர் தங்கள் குழந்தையின் கையை அதன் மேல் வைத்தவர்கள்! ஒருவர் எழுந்து, “ஐயரே, அது அப்பிடியில்லீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரு கல்யாணமோ ஒரு ஞானஸ்நானமோ ஐயரின் கையில் இருந்தது.

மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. கல்யாணம் நடந்தது. கல்யாணச் சாப்பாட்டில் ஐயருக்கு மட்டும் டவுனிலிருந்து கேரியர் வந்தது.

வேலை எல்லாம் முடிந்ததும் அப்பா புத்தகத்தைக் கேட்கப் போனார். மன்னிப்புத்தான் கேட்டாகிவிட்டதே, அட்டையைக் கிழித்துக்கொண்டு தாளையாவது கொடுங்கள் என்று கேட்டாராம். எரித்தாகிவிட்டது என்று ஐயர் சொல்லியனுப்பிவிட்டார். அப்பா வந்து மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“எரிச்சிருக்க மாட்டாங்க. தோல் எரிஞ்சா அந்தத் தெருவே நாறியிருக்குமுங்க” என்றாள் அம்மா.

“ஐயரு பொய் சொல்லுவாராடி?” என்றார் அப்பா. அவர் சாகிறவரை அப்படித்தான் நம்பினார். கடவுளின் வேலை செய்கிறவர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பினார்.

அம்மா அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனாள். ஆனால் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். அந்த ஐயர் மாற்றலாகிப் போனார், வேறு ஐயர்கள் வந்தார்கள்; அவள் போகவில்லை. பார்த்தீர்களா, மனசு உறுத்துகிறது, உண்மையாகவே கும்பிட்டிருக்கிறாள் என்று பேசினார்கள். உங்கள் வீட்டிலும் பேசியிருப்பார்கள். ஈரோட்டில் அக்காவின் மாமியார் சண்டை வந்தால், “மயிலச்சி மக தானே நீ” என்பாராம். அக்கா அதை எங்களிடம் சொன்னதே இல்லை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகுதான் சொன்னாள்.

நான் வேலைக்குச் சேர்ந்து, கோயம்புத்தூரில் வீடு பிடித்து, அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். இங்கே உன்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை, இங்கேயாவது எழுந்து போய் வாங்கினால் என்ன என்று. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்.

“பொய் சொன்ன வாய் கண்ணு இது. அதும் ஆண்டவரு முன்னால நின்னு சொன்னது. கும்புடாததைக் கும்பிட்டேன்னு சொல்லிப்போட்டேன். அதே வாயில எப்பிடி வாங்கறது?”

கேட்டீர்களா? மயிலைக் கும்பிட்டதற்காக அல்ல. கும்பிட்டேன் என்று பொய் சொன்னதற்காக. அவளைப் பொய் சொல்ல வைத்தவர் மாதாமாதம் தன் கையாலேயே அப்பத்தைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். சொன்ன இவள்தான் தன்னைத் தானே தள்ளி வைத்துக்கொண்டாள். கடைசிவரை வாங்காமலேயே போய்ச் சேர்ந்தாள்.

இதையெல்லாம் மனதுக்குள் பூட்டி வைத்துவிட்டுத்தான் இருந்தேன். போன வாரம் நீங்கள் போட்ட படத்தைப் பார்க்கும் வரை.

சரவணம்பட்டியில் மகனோடு இருக்கும் அக்காவை ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு கண்காட்சிக்குப் போனேன். கண்ணாடிக்குள் இருந்தது அதுவேதான். கொக்கியின் ஒரு காது வளைந்திருந்தது. அது நானும் அக்காவும் இழுத்து வளைத்தது. இப்போது இருக்கும் ஐயர் சின்னப் பையன், சிரித்த முகம். கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேருக்கு அந்தப் பறவையை விளக்கிக்கொண்டிருந்தார். குஞ்சுகள் சாகப்போகிற நேரத்தில் தாய்ப் பறவை தன் மார்பையே கிழித்துக்கொள்ளும் என்றார். அந்த ரத்தத்தில்தான் குஞ்சுகள் பிழைக்கும் என்றார். பிள்ளைகள் போனில் படம் எடுத்தார்கள். அக்கா கண்ணாடியில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டே நின்றாள்.

கூட்டம் போனதும் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்கார நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார். குறை சொல்ல முடியாது. புத்தகம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

“பழைய ஐயரோட குடும்பத்துல இருந்து குடுத்தாங்கம்மா. டாக்டரம்மா சபைக்குக் குடுத்ததுன்னும் அவங்கதான் சொன்னாங்க. அவரு மேசையிலயே வெச்சிருந்தாராம். கடைசி காலத்துல தெனமும் அதுலதான் ஜெபம் வாசிப்பாருன்னு சொன்னாங்க.”

அப்படியானால் அவர் ஒருநாள் கொக்கியைத் திறந்திருக்கிறார். முதல் தாளிலேயே அந்தப் பறவையின் பெயரும் பொருளும் அச்சில் இருக்கிறதாம், சின்ன ஐயர் சொன்னார். வாசித்திருக்கிறார். மயில் இல்லை என்று தெரிந்துகொண்டிருக்கிறார். தெரிந்த பிறகு ஒரு போஸ்ட் கார்டு போட்டிருக்கலாம். ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, “அம்மா, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்” என்று எங்கள் வாசலில் நின்றிருக்கலாம். அம்மா எழுந்து போய் வாங்கியிருப்பாள். அதைச் செய்யாமல், எங்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஆண்டவரிடமே ஜெபம் செய்துகொண்டிருந்திருக்கிறார்! இதை என்னால் பொறுக்க முடியவில்லை. பொறுக்கவும் போவதில்லை.

சின்ன ஐயர் சங்கடப்பட்டார். “உங்க குடும்பத்து அன்பளிப்புன்னு அட்டையில மாத்தி எழுதிடலாங்கம்மா” என்றார்.

“அன்பளிப்பு இல்லைங்க ஐயரே, பிடுங்கினது” என்றேன். “அட்டையில எழுதறது இருக்கட்டும். எங்கம்மா மயிலைக் கும்புடலைன்னு ஒரு ஞாயித்துக்கிழமை சபை முன்னால நின்னு சொல்லோணும். சத்தமாச் சொல்லோணும்.”

அவர் தலையாட்டினார். “எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்கம்மா. கமிட்டியில வெக்கோணும். பழைய ஐயர் குடும்பமும் இங்கதான் இருக்காங்க, கேள்வி கேப்பாங்க. உங்க ரெண்டு பேரைத் தவிர நேர்ல பாத்த சாட்சி யாராச்சும் இருந்தா நல்லதுங்க.”

அக்கா அப்போதுதான் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள்.

“எங்கம்மாள எழுப்பி நிறுத்துனப்ப எந்தக் கமிட்டி சாட்சி கேட்டுச்சுங்க, தம்பி?”

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகிப் போனதிலிருந்து தொண்டையில் வைத்திருந்த கேள்வி அது.

ஆனாலும் கமிட்டி கமிட்டிதான், சாட்சி இல்லாமல் அசையாது. அன்று ஜெப வீட்டில் இருந்த பெரியவர்களில் இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை. முன்னால் பாயில் இருந்த நாம்தான் மிச்சம். அம்மா சொன்னது உங்கள் காதில் விழுந்தது. இன்னும் சத்தமாகச் சொல் என்று அவர் சொன்னதும் விழுந்தது. வருகிற ஞாயிறு பெரிய தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. முழங்கால் வலி, சர்க்கரை, பேரனுக்கு டியூஷன் என்று ஒருவரும் காரணம் சொல்லாதீர்கள். நானும் அக்காவும் வாசலிலேயே இருப்போம். வந்து எழுந்து நின்று சொல்லுங்கள். ஒருத்தியை நிற்கவைத்துவிட்டு ஊரே உட்கார்ந்திருந்தது போதும்.